பன்னிரண்டு மணிப் பெட்டி

லியேஜ் விமான நிலையத்தில்
இரவு இரண்டு மணிக்குத்தான் நல்ல வெளிச்சம்.
ஒன்பது மணிப் பெட்டியும் பன்னிரண்டு மணிப் பெட்டியும்
ஒரே விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கி
ஒரே பட்டையில் உருண்டு
ஒரே வேனில் ஏறுகின்றன.
இரண்டுக்கும் நடுவே இருபத்தொரு யூரோ.
அந்த இருபத்தொன்று நான்.
விலை நிர்ணயப் பிரிவு, மூன்றாம் மாடி,
காபி இயந்திரத்துக்கு எதிர் மேசை.

வேகத்தை நாங்கள் விற்பதில்லை.
விமானம் ஆள் பார்த்துப் பறப்பதில்லையே.
காத்திருக்க வேண்டாம் என்ற நிம்மதியை விற்கிறோம்.
அது விலை போக வேண்டுமென்றால்
எங்கோ சிலர் காத்திருந்தாக வேண்டும்.
அந்தக் காத்திருப்பையும்
நாங்களே தயாரிக்கிறோம்.

விதி பதினான்கு, நான் எழுதியது:
பன்னிரண்டு மணிப் பெட்டியை
பத்தரைக்கு முன் கொடுக்கக் கூடாது,
வாசலைக் கடந்து போனாலும்.

ஆண்டுக்கொரு நாள் அலுவலகத்தார் வேனில் போக வேண்டும்.
நவம்பர். தினான் நகரம்.
மியூஸ் நதியின் மேல் பனி, பாறை பாதிதான் தெரிந்தது.
ஓட்டியவர் ஃபிர்மாங்,
பதினேழு வருடமாக அதே தெருக்கள்.
எட்டு ஐம்பதுக்கு நோட்டரி அலுவலகத்துக்கு ஒரு கடித உறை;
ஒன்பது மணிச் சரக்கு, முழு விலை.
கீழ்த்தளத்தில் ஓடில் கோஷேயின் பழச்சாறு ஆலை.
கைமுட்டி வரை நனைந்த சட்டையோடு
அவள் வாசலிலேயே நின்றாள்.
முந்தின நாள் மதியம் முதல்
புட்டி நிரப்பும் இயந்திரம் நின்றுவிட்டதாம்.
பொலோன்யாவிலிருந்து வால்வு வர வேண்டும்.
"எனக்கு ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது.
என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்,
பொலோன்யா முத்திரை போட்ட மஞ்சள் பெட்டியை
எதில் மறைப்பது?
ஃபிர்மாங் அவளைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
நான் வேனின் கண்ணாடியைத் துடைத்தேன்,
அது சுத்தமாகத்தான் இருந்தது.

கருவி கீச்சென்றது. எட்டு ஐம்பத்து மூன்று.
பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள் ஓடில்.
கையெழுத்துகூட நடக்கும்போதே போட்டது.

அடுத்த இரண்டு தெருக்கள் எனக்குள் ஏதோ இளகியிருந்தது.
ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச்சில் கணக்கைத் திறந்தேன்.
நவம்பருக்கு முன் அந்த ஆலை
ஒன்பது மணிச் சேவையை வாங்கியது பதினொரு முறை.
பின்பு ஒருமுறைகூட இல்லை.
எல்லாம் பன்னிரண்டு மணி.
எட்டு ஐம்பதுக்கு வாசலில் நிற்கிறாளாம்,
ஃபிர்மாங்குக்கு ஒரு கோப்பை காபியோடு.
தெரிந்துகொண்டுவிட்டாள்.
பக்கத்து அச்சகத்துக்கும் சொல்லியிருக்கிறாள்,
அவர்களும் இறங்கிவிட்டார்கள்.
இப்படி நடக்கும் என்று
நான்தான் போன வருடமே படம் போட்டுக் காட்டியிருந்தேன்.
கணக்கு சரியாக வந்தது.
எரிச்சலும் வந்தது, யார்மேல் என்று பிடிபடவில்லை.

"விதியை யாரும் மதிப்பதில்லை, சுவரை மதிப்பார்கள்"
என்றார் என் மேலாளர் வான் ஹோவ்.
ஆகவே விதி பதினான்கை அடித்துவிட்டேன்.
இப்போது பன்னிரண்டு மணிப் பெட்டிகள்
வேனின் அடியாழத்தில் முதலில் ஏறுகின்றன.
அவற்றின் முன்னால் கூரை வரை மற்றவை.
பதினொரு மணி வரை
யார் நினைத்தாலும் கை எட்டாது.
ஃபிர்மாங் கைகளை விரித்துக் காட்டலாம்.
அவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.
இதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது,
சாதாரணத் தபாலில்.

ஏப்ரலில் ஓடில் இரண்டு முறை
ஒன்பது மணிச் சேவை வாங்கினாள்.
நாற்பத்திரண்டு யூரோ கூடுதல்.
காபி நின்றுவிட்டது என்றார் ஃபிர்மாங்,
டயர் மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது.